கிள்ளான் நீரோட்டத்தை வெல்லச் சிவசம்பு தூண்டிற்கோல் தேர்ந்த பெரும்போர்

வாழ்க! இரயில்வே கணக்குக் காரியாலயத்தில் எழுத்தர்க்கெல்லாம் மேலான தலைமைக் கிராணியும், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டினனும், கருங்குடை தரித்த கையினனும், மையொற்றும் தாளைக் கேடயமாகவும் செந்நிறப் பென்சிலை வேலாகவும் ஏந்தி மலாய் நாட்டுச் சரக்கு வண்டிகள் அனைத்தையும் நாற்காலியில் அமர்ந்தவாறே அடக்கியாண்டவனும், பிரிக்ஃபீல்ட்ஸ் குடியிருப்பின் செங்கல் வீட்டுக்குத் தலைவனும், புனிதவதியின் கணவனும், குணபூசணியின் தந்தையுமாகிய சிவசம்பு வாழ்க! முனை முறுக்கிய அவன் மீசை வாழ்க! மழைக்காலத்தில் அம்மீசை முறுக்கவிழ்ந்து தொங்கும். அப்போதும் அது வாழ்க!

இம்மாவீரன் தூண்டிற்கோல் ஒன்றும் ரீல் ஒன்றும் வாங்கப் புகுந்து, அதனால் ஒரு திருமணம் முறிந்து, மீண்டும் ஒட்டிய வரலாற்றை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். கடலே, சற்று இரைச்சலை அடக்கு. கிள்ளான் செல்லும் புகைவண்டியே, உன் ஊதலை நிறுத்து. ஆற்றங்கரைக் கொசுக்களே, கடித்துக்கொண்டாவது கேளுங்கள்.

ரப்பர் விலை படுகுழியில் வீழ்ந்து, கைகால்களை உதறிக்கொண்டு மெல்ல எழுந்துகொண்டிருந்த காலம் அது. கிள்ளான் நகரில் நில அளவைக் காரியாலயத்தில் வரைபடம் வரையும் உத்தியோகம் பார்த்த தியாகராசா என்னும் பெருந்தகை, தைப்பிங்கில் வேலை பார்க்கும் தன் மகனுக்குக் குணபூசணியைப் பெண் கேட்டிருந்தான். சாதகம் பொருந்திற்று. படத்தைப் பார்த்துப் பையன் தலையசைத்தான். பையனை ஒரு தடவை கோயிலில் கண்டிருந்த குணபூசணி, தலையசைக்காமலேயே அடுப்படிக்குள் போய்ப் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதுவே சம்மதம் எனப் புனிதவதி அறிந்துகொண்டாள். எல்லாம் நன்றாகவே நடந்தது. தகப்பன்மார் இருவரும் மீன் பிடிப்பவர்கள் என்பது மட்டும் அந்தச் சாதகங்களில் எழுதப்பட்டிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தார் அறுக்குளா என்றும், இந்தியத் தமிழர் வஞ்சிரம் என்றும், மலாய்க்காரர் தெங்கிரி என்றும் அழைக்க, எவர் அழைப்புக்கும் வராமல், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு அப்பால், தீவுகளுக்கு இடையே நீர் கொதித்தோடும் கடற்காலில் வெள்ளி வாள்போல் திரிந்தது அந்தப் பெருமீன். அதனை இரையிட்டுப் பிடிப்பது எளியோர் வழி. சம்பந்தியாகப் போகும் இருவரும் மேற்கொண்டதோ வலியோர் வழி: சிறுமீன் வடிவில் ஈயத்தை வார்த்து, அதில் கொக்கி பூட்டி, கடலடிவரை இறக்கி, கோலை ஓயாமல் உயர்த்தியும் தாழ்த்தியும் ஆட்டி ஆட்டி, அந்த ஈயம் உயிருள்ள மீனே என்று பெருமீனை மயக்குவது. தேங்கிய நீரில் இது விளையாட்டு. ஓடும் நீரிலோ, உலகோரே, இது போர்!

முதற்போரில் இருவரும் தோற்றனர். சிவசம்புவின் கையில் இருந்தது, வெள்ளீயம் தோண்டிய பள்ளத்துக் குளத்தில் கெண்டை பிடித்த மெல்லிய மூங்கிற்கோல். வற்றுப்பெருக்கு திரும்பி நீர் கட்டவிழ்ந்த யானைக்கூட்டம்போல் ஓடத் தொடங்கியதும், அவன் இறக்கிய ஈயமீன் அடிக்குப் போகவில்லை. கப்பல் பாதையை நோக்கி வெளியூர்ப் பயணம் போயிற்று. அதை மீட்கக் கோலைத் தூக்கியபோது, கோல் அவனுக்கு வணக்கம் சொல்வதுபோல் வளைந்து, வளைந்து, நடுவில் ஒடிந்தது. அதே கணத்தில் தியாகராசாவின் பழைய பித்தளை ரீல் பிடி கழன்று சுழன்று, அவன் விரல் மொழிகளைப் பள்ளி ஆசிரியன் பிரம்பால் தட்டுவதுபோல் வரிசையாகத் தட்டிற்று. படகோட்டி பக்கிரிசாமி, துடுப்பை அணைத்தபடி இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ஐயா, தண்ணி ரொம்ப லாஜுவா, வேகமா ஓடுது லா," என்றான் அவன். "இந்தக் குச்சியெல்லாம் இதுக்கு ஆவாது. கரைக்குப் போயி டீ குடிப்பமா?"

குச்சி! தலைமைக் கிராணியின் படைக்கலத்தைக் குச்சி என்று ஒருவன் சொல்ல, அதையும் வருங்காலச் சம்பந்தி அருகிருந்து கேட்க! சிவசம்பு உடைந்த கோலின் பாதியை வானோக்கி உயர்த்தினான்.

"பக்கிரிசாமி, கேட்டுக்கொள்! வாற ஞாயிற்றுக்கிழமை இதே நீரோட்டத்திலை, இதே இடத்திலை, சரியான தடியோடை வருவன். அறுக்குளா இல்லாமல் வீட்டை போகமாட்டன்!"

வீங்கிய விரல்களை வாயில் வைத்திருந்த தியாகராசா அவற்றை எடுத்துவிட்டு, "நானும்!" என்று முழங்கிவிட்டு மறுபடி வைத்துக்கொண்டான்.

அவ்வாறு அமைந்ததே சனிக்கிழமைப் போர்க்களம்.

கிள்ளான் கடைத்தெருவில், கயிறும் தாரும் நங்கூரமும் வலையும் தொங்கும் ஒரு சீனத்துக் கடை. அதன் முதலாளியான தவுக்கே, வெள்ளைக்காரத் துரைமார் ஊருக்குத் திரும்பும்போது விட்டுச்சென்ற தூண்டில் சாமான்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பவர். தமிழர்களோடு தமிழும், மலாய்க்காரரோடு மலாயும், கடன் கேட்போரோடு மௌனமும் பேச வல்லவர். அரைநாள் வேலை முடிந்த பகற்பொழுதில், ஒருவர் வருவது ஒருவருக்குத் தெரியாமல் கிழக்கு வாயிலால் சிவசம்புவும் மேற்கு வாயிலால் தியாகராசாவும் அக்கடைக்குள் நுழைந்து, நடுவில் ஒரு தார்ப்பீப்பாயின் இருமருங்கும் எதிர்ப்பட்டனர்.

"அட, சம்பந்தி!"

"அடடே, சம்பந்தி!"

தவுக்கே பெட்டியைத் திறந்தார். அதனுள்ளே, கருஞ்சிவப்பு மெருகு பூசி, நெஞ்சளவு உயரத்தில், அடியில் இரும்பின் உறுதியும் நுனியில் மட்டும் நாணலின் நெளிவும் வாய்த்து, ஈயத்தின் பாரத்தைத் தாங்கவும் வேண்டும்போது சட்டெனத் துள்ளவும் தெரிந்த ஒரு குட்டைக்கோல் கிடந்தது. அதன் இடையில், நூல் நிறையச் சுற்றும் அகன்ற உருளையும், பக்கத்தில் நட்சத்திரம் போன்ற ஒரு சிறு சக்கரமும் கொண்ட ரீல். அச்சக்கரத்தை முறுக்கினால் மீன் இழுக்கும்போது நூல் வேண்டிய அளவே ஓடும். அறுந்தும் போகாது, அவிழ்ந்தும் போகாது. மெல்லியதாயும் வலியதாயும் முறுக்கிய சணல் நூல் அதில் சுற்றியிருந்தது. தடித்த நூலை நீரோட்டம் பாய்போல் பிடித்துக்கொண்டு போகும். மெல்லிய நூல் கத்திபோல் நீரைக் கிழித்து நேரே இறங்கும். இருவருக்கும் இது தெரியும். இருவர் நெஞ்சிலும் ஒரே மணி அடித்தது. சிவசம்புவின் மீசை நுனி தானாக எழுந்தது. தியாகராசா எச்சில் விழுங்கிய ஓசை தார்ப்பீப்பாயில் எதிரொலித்தது.

"இது ஒண்ணுதான் இருக்கு லா," என்றார் தவுக்கே. "வேற வராது. துரை போயிட்டாரு. யாருக்கு?"

அந்தோ, என்ன கேள்வி! வேறு இருவராயின் வேட்டியை மடித்துக் கட்டியிருப்பர். வாய்ச்சொல் முற்றிக் கைகலந்திருப்பர். சம்பந்திமார் அவ்வாறு செய்யலாமோ? ஆதலின் அங்கே மூண்டது மரியாதைப் போர். வாளினும் கொடியது அது. வாள் பட்ட புண்ணுக்கு மருந்துண்டு. "நீங்கள் எடுங்கோ" என்ற சொல் பட்ட புண்ணுக்கு மருந்து எங்கே?

முதல் அம்பைத் தியாகராசா எய்தான். "சம்பந்தி, இது உங்களுக்கெண்டே செய்த மாதிரிக் கிடக்கு. நீங்கள் எடுங்கோ."

சிவசம்பு அதைப் புன்னகை என்னும் கேடயத்தால் தாங்கினான். "சீச்சீ! மாப்பிள்ளை வீட்டுக்காரர் நிக்கேக்கை, பெண் வீட்டுக்காரன் நான் கை வைக்கிறதோ? நீங்கள்தான் எடுக்கவேணும்."

"எனக்கு இது கொஞ்சம் கட்டை."

"எனக்கெண்டால் இன்னும் கட்டை."

"இல்லை, சம்பந்தி, உங்கடை உயரத்துக்கு..."

"உங்கடை தோளுக்கு முன்னாலை என்ரை உயரம் என்ன?"

இவ்வாறு ஒருவர் கோலை எடுத்து மற்றவர் கையில் திணிக்க, மற்றவர் அதை நெஞ்சோடு ஒரு கணம் அணைத்து, உள்ளம் கதற, திருப்பித் திணிக்க, கோல் அங்குமிங்கும் ஊசலாடிற்று. ஒவ்வொரு தடவையும் ரீலின் சக்கரம் சிற்றொலி எழுப்பிற்று. அவ்வொலி சிவசம்புவின் காதில், 'என்னை விடாதே' என்று கேட்டது. ஆயினும் விட்டான். விட்டதோடு நில்லாமல், தன் தியாகம் பொய்யல்ல என்று நிறுவ வேண்டி, சுவரோரம் சாய்ந்திருந்த மற்றொரு கோலைப் பாய்ந்து பற்றினான்.

"எனக்கு விருப்பம் இதுதான்!" என்றான். சொன்னபிறகுதான் அது எது என்று பார்த்தான்.

அது ஸ்கொட்லாந்து நாட்டு ஆறுகளில் இடுப்பளவு நீரில் நின்று இரு கைகளாலும் வீசுவதற்கென்று செய்த கோல். மூன்று துண்டுகளைப் பொருத்தி நிறுத்தினால் அதன் நுனி கடையின் மேல்மாடியில் தூங்கியவரை எழுப்பும். அதற்கென்றே அமைந்த வெள்ளி ரீலோ, கழுத்தில் கோத்து அணியத் தகும் அழகுடையது. நீரோட்டத்தில் அதன் பயனும் அவ்வளவே.

தியாகராசா பின்வாங்குவானோ? "எனக்கு இது!" என்று அவனும் ஒன்றைப் பிடுங்கினான். சுறாவைப் படகின் பின்னே கட்டி இழுக்க எவரோ செய்வித்த, வளைதல் என்றால் என்னவென்றே அறியாத முரட்டுத் தண்டம் அது. அதன் மேல் வண்டிச் சக்கரம் ஒத்த மரத்தாலான ரீல். தடுப்பு என்று எதுவும் இல்லாதது.

"நல்ல சாமான்!" என்றான் ஒருவன்.

"மிக நல்ல சாமான்!" என்றான் மற்றவன்.

இருவர் கண்களும் கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை தழுவி மீண்டன. தவுக்கே பெட்டியைப் பூட்டினார்.

அன்று மாலை புகைவண்டியில் சிவசம்புவின் கோல் மூன்று துண்டுகளாகவே வந்திருக்கலாம். வீரன் அதைப் பொருத்திப் பார்க்க ஆசைப்பட்டான். பொருத்தியது கழற்ற வரவில்லை. ஒரு சன்னலால் புகுந்து மறு சன்னலால் வெளிப்பட்ட அந்த நெடுங்கோல், பத்துமலைக்குக் காவடி போவதுபோல் ஆடி அசைந்து, எதிர்ப்பட்டோரின் தொப்பிகளைத் தரையில் வணங்கச் செய்து, பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேர்ந்தது. வீட்டு வாயிலில் அது நுழைய மறுத்தது. பக்கத்து வீட்டு வேலாயுதம், இரயில்வே கார்டு வேலை பார்ப்பவர், தன் வாசலில் நின்று, "என்னங்க சார், சிக்னல் கம்பத்தப் பேத்துக்கிட்டு வந்துட்டீங்க?" என்று கேட்டார். மாவீரர்கள் இத்தகைய கேள்விகளுக்கு விடை தருவதில்லை.

புனிதவதி மட்டும் கோலை நுனிமுதல் அடிவரை பார்த்தாள். "இஞ்சருங்கோ, இதுதான் நீங்கள் எடுக்கப் போனதோ?"

"சம்பந்தியின்ரை முகத்துக்காக எடுத்தது," என்றான் சிவசம்பு. அதைச் சொல்கையில் அவன் தன்னை ஒரு வள்ளல் என்றே உணர்ந்தான்.

ஞாயிறு புலர்ந்தது. கீழ்வானம் தவுக்கேயின் குட்டைக்கோல் மெருகுபோல் சிவந்தது. பக்கிரிசாமியின் சம்பான் படகு தீவுகளுக்கிடையே அதே இடத்தில் நங்கூரமிட்டு நின்றது. நீரோட்டம் படகின் மூக்கில் மோதி, இரு பக்கமும் நுரை மீசை வரைந்து ஓடிற்று. முன்முனையில் நெடுங்கோலன் சிவசம்பு. பின்முனையில் தண்டாயுதன் தியாகராசா. நடுவே, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தில் போட்டுக்கொண்டு பக்கிரிசாமி.

இருவரும் ஈயத்தை இறக்கினர். இருவரும் ஆட்டினர். சிவசம்புவின் கோல் அவன் ஆட்டியதைக் கேட்டு, சிந்தித்து, வெகுநேரம் கழித்தே நுனியில் அசைந்தது. தியாகராசாவின் கோலோ அசைவே இன்றி அவன் முதுகெலும்பை அசைத்தது. ஆயினும் இருவரும் ஒருவரையொருவர் நோக்கி, "சோக்காய்க் கிடக்கு!" என்று புன்னகைத்தனர்.

அப்போது நிகழ்ந்தது அது.

சிவசம்புவின் நூலில் ஒரு பேரிழுப்பு! வெள்ளி ரீல் கிறீச்சிட்டது. "பிடிச்சிட்டுது!" என்று அவன் எழுப்பிய சிங்கநாதத்தில் கடலில் நட்ட மீன்பொறித் தூண்களில் இருந்த கடற்பறவைகள் எழுந்தன. கோலை இழுத்தான். உடனே பின்முனையில், "எனக்கும்!" என்று மற்றொரு சிங்கநாதம். ஒரே நேரத்தில் இரண்டு அறுக்குளா! கடலின் கொடையே கொடை!

அதன்பின் நடந்த போரை எவ்வாறு உரைப்போம்? சிவசம்பு இழுக்குந்தோறும் தியாகராசாவின் மீன் வெறிகொண்டு ஓடிற்று. தியாகராசா இழுக்குந்தோறும் சிவசம்புவின் மீன் கொதித்துப் பாய்ந்தது. நெடுங்கோல் வானவில்லாய் வளைந்தது. மரரீல் தறிகெட்டுச் சுழன்று, சென்ற வாரம் தட்டாமல் விட்ட விரல்களையும் தேடித் தட்டிற்று. ஒருவன் முழந்தாளிட்டான், ஒருவன் பலகையில் காலை ஊன்றினான். வியர்வை ஓடிற்று. முருகனை ஒருவன் அழைத்தான். மற்றவன் முருகனுடைய அண்ணனை அழைத்தான். படகு இடமும் வலமும் ஆட, வெயில் ஏற, நெடுங்கோலின் நுனி ஒருமுறை சுழன்று தியாகராசாவின் தொப்பியைக் கொய்து கடலுக்கு அளித்தது. "பரவாயில்லை, சம்பந்தி! மீனைப் பாருங்கோ!" என்று முழங்கினான் அந்தப் பெருந்தகை. அவனுடைய பெருந்தன்மைக்கு இதுவே எல்லைக்கல்.

ஆட்டம் பொறுக்காமல் பக்கிரிசாமி தலைப்பாகையை விலக்கி எழுந்தான். படகோரம் குனிந்து, துடுப்பால் நூலை நெம்பி மேலே தூக்கினான். 

"ஐயா," என்றான், "ரெண்டு ஈயமும் ஒண்ண ஒண்ணு கட்டிப் புடிச்சிக்கிட்டு வருது லா. மீனு ஒண்ணும் இல்ல."

நீரோட்டம் முன்முனையின் நூலைப் பின்முனைக்குக் கொண்டுபோய் மற்றதோடு முறுக்கிவிட்டிருந்தது. அத்தனை நேரமும் தலைமைக் கிராணி வரைபடக்காரனைப் பிடித்து இழுக்க, வரைபடக்காரன் தலைமைக் கிராணியைப் பிடித்து இழுத்திருந்தான்.

படகில் மௌனம் வந்து அமர்ந்தது. அதற்கு இடம் போதவில்லை, எழுந்து போயிற்று.

"உங்கடை தடி நீளம் கூடினதாலைதான்!" என்றான் தியாகராசா.

"உங்கடை தடி தடியோ, இல்லை தண்டவாளத்துக்குக் கீழை போடுற கட்டையோ? அது மீனுக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் சொல்லுமோ?"

"நான் அந்தக் கட்டைத் தடியைத்தான் எடுக்க வந்தனான். உங்களுக்காக விட்டனான்!"

"நீங்கள் விட்டனியளோ? நான் விட்டனான்!"

"அப்ப நீங்கள் கட்டை எண்டு சொன்னது பொய்!"

"நீங்கள் சொன்னது மட்டும் தேவாரமோ?"

மரியாதை என்னும் கோட்டை இடிந்து விழுந்தது. தியாகராசா வெறுந்தலையோடு எழுந்து நின்றான். படகு சாய்ந்ததால் மீண்டும் அமர்ந்து, அமர்ந்தவாறே முழங்கினான்: "மிஸ்டர் சிவசம்பு! பொய் சொல்லுற இடத்திலை நான் பெண் எடுக்கிறதில்லை!"

"மிஸ்டர் தியாகராசா! விரல் அடிபட்டால் அழுகிற இடத்திலை நானும் குடுக்கிறதில்லை!"

சம்பந்தி என்ற சொல் அங்கே கடலில் வீழ்ந்து, தொப்பியின் பின்னே மிதந்து போயிற்று.

வீடு திரும்பிய வீரன், கோலை வேலியோரம் கிடத்திவிட்டு, திருமணம் இல்லை என்று அறிவித்தான். நீண்ட பிரசங்கம் ஒன்றும் செய்தான். அதில் மானம், குலம், நீரோட்டம் ஆகிய மூன்றும் விளக்கப்பட்டன. புனிதவதி அடுப்படிக்குள் போனாள், பாத்திரங்கள் பேசின.

குணபூசணி சாப்பாட்டு மேசையில் அமர்ந்து தலையணை உறைக்குப் பூவேலை செய்துகொண்டிருந்தாள். பூ பாதி மலர்ந்திருந்தது. அவள் ஊசியைக் குத்தி நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, உறையை அழகாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

"ஒரு தடிக்காகவோ, அப்பா?"

யானைப்படைக்கு அஞ்சாத நெஞ்சு அந்த ஒரு சொல்லுக்கு ஒடுங்கிற்று. மீசையின் முறுக்கு ஒருபுறம் அவிழ்ந்தது.   அந்த வாரம் முழுவதும் காரியாலயத்தில் செந்நிறப் பென்சிலால் பிழை திருத்தப் போனவன், பிழையில்லாத இடங்களில் எல்லாம் கோடு போட்டான். மகள் வழக்கம்போலவே தேநீர் கொண்டுவந்து வைத்தாள்; சீனி போட மறக்கவில்லை. அதுதான் அவனை அதிகம் வருத்திற்று.

மறு சனிக்கிழமை அவன் கிள்ளான் வண்டியில் ஏறினான். ஏன் ஏறினான் என்று அவனுக்கே தெரியவில்லை. குட்டைக்கோலை வாங்கித் தியாகராசாவின் வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவது என்று ஒரு யோசனை. தானே வைத்துக்கொள்வது என்று மற்றொரு யோசனையும் வழியில் உடன் பயணம் செய்தது. கிழக்கு வாயிலால் கடைக்குள் புகுந்தான். தார்ப்பீப்பாயின் மறுபுறம், புதுத்தொப்பி அணிந்து, கண்ணாடிப் பெட்டியின் மேல் கை வைத்தபடி நின்றான் தியாகராசா.

 தவுக்கே சாவியை எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார்.

"உங்கடை வீட்டை கொண்டந்து தர யோசிச்சனான்," என்றான் தியாகராசா, பெட்டியைப் பார்த்தபடி.

"நானும் அப்பிடித்தான்," என்றான் சிவசம்பு. பிறகு, "வழியிலை கொஞ்சம் மனசு மாறினது உண்மை," என்றான்.

"எனக்கும் மாறினது. இரண்டு தரம்." தியாகராசா தொப்பியைக் கழற்றினான். "பெடியன் தைப்பிங்கிலையிருந்து வந்து நிக்கிறான். சாப்பிடுறானில்லை. மனுசி என்னோடை கதைக்கிறாளில்லை. சம்பந்தி, எனக்கு இந்தத் தடி வேணும். உண்மையாய் வேணும்."

"எனக்கும் உண்மையாய் வேணும்."

"நல்லது," என்றார் தவுக்கே. "இப்பத்தான் ரெண்டு பேரும் யாவாரம் பேசுறீங்க."

அதன்பின் நிகழ்ந்ததே முறையான தேர்வு. இருவரும் சேர்ந்து வாங்குவது என்று முடிவாயிற்று. ஆயின் சோதிக்காமல் வாங்குவது அறிவுடையோர் செயலன்று என்றும் முடிவாயிற்று. நூலின் முனையில் கனத்த ஈயமீனைக் கட்டினர். சிவசம்பு கடைவாசலில் கோலை ஏந்தி நின்றான். தியாகராசா ஈயமீனைக் கையில் பிடித்துக்கொண்டு நீரோட்டமாக மாறி, கடைத்தெருவில் பின்னோக்கி ஓடினான்.

"இறுக்குங்கோ!"

சிவசம்பு நட்சத்திரச் சக்கரத்தை முறுக்கினான். நூல் முனகிற்று, நின்றது. தளர்த்தினான், இனிமையாக ஓடிற்று. கோலின் அடி அசையவில்லை. நுனி மட்டும் பேசிற்று. "ஆகா!" என்றான் வீரன்.

அவ்வேளை குறுக்கே வந்தது ஒரு ரிக்‌ஷா. நீரோட்டம் தெருவோரம் ஒதுங்க, அதன் கையிலிருந்து நழுவிய ஈயமீனின் கொக்கி, ரிக்‌ஷாவின் விரிந்த கூரையில் சென்று மாட்டிற்று. ஐயகோ! வண்டி ஓடிற்று, நூல் ஓடிற்று, ரீல் பாடிற்று! சிவசம்பு கால்களை அகல ஊன்றி, கோலின் அடியை இடுப்பில் பதித்து, மெல்ல மெல்ல முறுக்கினான். "விடாதேங்கோ, சம்பந்தி!" என்று ஆர்த்துக்கொண்டு தியாகராசா ஓடி வந்து அவன் இடுப்பைப் பற்றினான். கோல் வளைந்தது, ஒடியவில்லை. நூல் விறைத்தது, அறவில்லை. ரிக்‌ஷா தயங்கிற்று, தள்ளாடிற்று, நின்றது. இழுத்தவர் திரும்பிப் பார்த்து, நாம் இங்கே எழுதக் கூடாதவற்றைச் சொன்னார். உள்ளிருந்த கனவான் கூரையின் கிழிசல் வழியே தலையை நீட்டி, தம்மைப் பிடித்தவர்கள் யார் என்று கேட்டார்.

"இது பாகுஸ்! ரொம்ப நல்ல சாமான்!" என்று கூவினார் தவுக்கே. அவர் வாழ்நாளில் இவ்வாறு ஒரு சாமான் தன்னைத்தானே விற்றதில்லை.

கூரையின் கிழிசலுக்குப் பணம் கொடுத்து, கனவானை வணங்கி, இழுத்தவருக்குத் தேநீரும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்து அனுப்பியபின், சம்பந்திமார் இருவரும் அதே கடைவாசலில் நின்று திருமண நாளைப் பேசி முடித்தனர். கோல் ஒரு வாரம் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஒரு வாரம் கிள்ளானிலும் வாழும் என்றும், எவர் முறையானாலும் இருவரும் உடனிருந்தே மீன் பிடிப்பர் என்றும் உடன்படிக்கை ஆயிற்று. குணபூசணி பெட்டியிலிருந்து தலையணை உறையை எடுத்தாள். பாதி மலர்ந்த பூ முழுதும் மலர்ந்தது. அவள் அப்பாவின் தேநீருக்கு அன்று இரண்டு தடவை சீனி போட்டுவிட்டாள். அவன் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

அந்தக் கோலோடு அவர்கள் மீண்டும் மீண்டும் கடலுக்குப் போயினர். ஈயம் நேரே இறங்கிற்று. ஆடிற்று. மீன்தான் வரவில்லை. இவ்வாறு வாரங்கள் ஓடி, தாலிக்குப் பொன்னுருக்கி, பந்தற்கால் நட்டு, உறவினர் பாயும் படுக்கையுமாக வந்திறங்கி, வாழைமரம் கட்டும் நாளும் வந்துவிட்டது. பந்தல்காரரோடு நிற்கவேண்டிய தகப்பனும், மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை பார்க்கவேண்டிய தகப்பனும், "ஒருக்கால் போட்டுப் பார்த்திட்டு வருவம்," என்று விடியலில் துறைமுகத்துக்கு நழுவினர்.

அன்று, கேளுங்கள், அன்று வந்தது அது!

நீரோட்டம் தன் முழு வேகத்தில் சீறிக்கொண்டிருக்க, சிவசம்பு கோலை உயர்த்திய கணத்தில், கடலடியில் ஒரு மின்னல் ஈயத்தைக் கவ்வி ஓடிற்று. இம்முறை தியாகராசாவின் கைகள் இரண்டும் வெறுமையாய் இருந்தன. ஆதலின் இது அவன் இல்லை என்பது உறுதி. நட்சத்திரச் சக்கரம் சுழன்றது. ஒருவன் முறுக்க, ஒருவன் கோலைத் தாங்க, சம்பந்திமார் நாற்கை ஒருகையாகப் போரிட்டனர். தூக்கம் கலைந்த பக்கிரிசாமி, "ஐயா விடாதீங்க! ஐயா விடாதீங்க!" என்று தன் நெஞ்சில் தானே அடித்துக்கொண்டான். ஓடி, பாய்ந்து, சுழன்று, களைத்து, ஈற்றில் நீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தது அறுக்குளா: ஆளின் நெஞ்சுக்கு எட்டும் நீளம், அரும்பிய வைகறைபோல் மின்னும் மேனி, அரிவாள் போன்ற வால்! அது பலகையில் வீழ்ந்தபோது இரு கிழவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதனர்.

வெற்றி ஊர்வலத்தை என்னென்போம்! பல்லக்குத் தண்டுபோல் ஒரு மூங்கிலில் மீனைக் கோத்து, முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாகத் தோளில் சுமந்து, புகைவண்டியில் கார்டின் பெட்டியில் இடம்பிடித்து, பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் இறங்கி நடந்தனர். பால்காரர் ஒதுங்கினார். சலவைத் துணிகள் வணங்கின. வேலாயுதம் தன் வாசலில் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். பந்தலின் முன் நாதசுரக்காரர் சும்மா ஊதிப் பார்த்த ஒரு சுரம் இவர்களுக்கென்றே எழுந்தது போலிருந்தது. சிவசம்பு மார்பை விரித்து, மீசையை முறுக்கி, வாழைமரங்களின் நடுவே நின்று முழங்கினான்:

"புனிதவதி! வெளியிலை வந்து பார்! நீரோட்டத்தை வென்றிட்டம்! அறுக்குளாவோடை வந்திட்டம்!"

கையில் மஞ்சளும் இடுப்பில் சாவிக்கொத்துமாகப் புனிதவதி வாசலுக்கு வந்தாள். மீனைப் பார்த்தாள். கோலம் போட்ட வாசலில் அதன் வாலிலிருந்து சொட்டுகின்ற நீரைப் பார்த்தாள். பிறகு இருவரையும் பார்த்தாள்.

"பொன்னுருக்கின வீட்டுக்குள்ளை மீனோ? இரண்டு வீட்டிலையும் கலியாணம் முடியுமட்டும் சைவம் எண்டு மறந்துபோச்சுதோ? கொண்டு போங்கோ அங்காலை! கோயில் ஐயர் உள்ளுக்கை இருக்கிறார்!"

 சிவசம்பு மீனை நோக்கினான். மீனும் ஒரு கண்ணால் அவனை நோக்கிற்று. வேலிக்கு அப்பாலிருந்து வேலாயுதம் இரு கைகளையும் நீட்டினார். நண்பகலுக்குள் அவர் வீட்டு அடுக்களையிலிருந்து மிளகும் மஞ்சளும் எண்ணெயும் கலந்த பொரியல் மணம் பந்தல் முழுவதும் பரவ, கிள்ளான் நீரோட்டத்தை வென்றவர்களும், அறுக்குளாவை அடக்கியவர்களும், நட்சத்திர ரீலின் நாயகர்களுமாகிய அந்த மாவீரர் இருவரும் பந்தலின் ஓரத்தில் வாழையிலை முன் சம்மணமிட்டு அமர்ந்தனர்.

பூசணிக்காய்க் கறியில் உப்புக் கொஞ்சம் குறைவாக இருந்தது.